பெட்டியில் உள்ள எழுத்தை நம்பி வாங்கலாமா?
சிறு கெமரா வாங்க நினைக்கும் குடும்பங்களுக்குச் சில ஆலோசனைகள்

வீட்டுக்கு ஒரு பொருள் வாங்குவதென்றால் நமது பெண்கள் பலமுறை யோசிப்பார்கள். அரிசியைக் கையில் அள்ளி மணந்து பார்ப்பார்கள். துணியைக் கசக்கிப் பார்ப்பார்கள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் பணத்தை எடுக்க மாட்டார்கள். ஆனால் பற்றரியில் இயங்கும் ஒரு பொருள் என்று வந்துவிட்டால், "எங்களுக்கு இதெல்லாம் விளங்காது, பிள்ளைகளே பார்த்து வாங்கட்டும்" என்று ஒதுங்கி விடுகிறார்கள். பணம் மட்டும் அவர்கள் கையிலிருந்துதான் போகிறது. அது சீட்டுப் பிடித்த பணமாக இருக்கும். கோழி வளர்த்துச் சேர்த்த பணமாக இருக்கும். கணவரோ மகனோ கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நின்று உழைத்து அனுப்பிய பணமாகவும் இருக்கும்.

இப்போது நமது இளைஞர்கள் ஆசையோடு கேட்கும் பொருள்களில் ஒன்று 'எக்ஷன் கெமரா'. தீப்பெட்டி இரண்டை அடுக்கி வைத்தாற்போன்ற சிறிய கெமரா. தலைக்கவசத்திலும் நெஞ்சிலும் மோட்டார் சைக்கிளின் கைபிடியிலும் வள்ளத்தின் அணியத்திலும் பொருத்தி விடலாம். கை இரண்டும் வேலையில் இருக்க, அது பாட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்.

இதன் கதையும் நீண்டதல்ல. அமெரிக்காவைச் சேர்ந்த நிக் வூட்மன் என்பவர் 2002ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கடலலைச் சறுக்கு விளையாட்டுக்காகச் சென்றார். அலையில் போகும்போது படம் எடுக்கக் கை ஓய்வாக இல்லை. கெமராவை மணிக்கட்டில் கட்டினால் என்ன என்று யோசித்தார். அந்த யோசனையில் பிறந்ததுதான் கோப்ரோ நிறுவனம். 2004இல் வந்த அதன் முதல் கெமரா பிலிம் சுருள் போடும் கெமரா! பின்னர் டிஜிட்டல் வந்தது. சீனாவின் எஸ்ஜேகேம், ஷாவ்மி, அக்காசோ போன்ற பெயர்களில் விலை குறைந்தவை வந்தன. 2019இல் டிஜேஐ நிறுவனமும் 'ஒஸ்மோ எக்ஷன்' என்ற பெயரில் இறங்கியது. இன்று சில ஆயிரம் ரூபாவிலிருந்து ஒன்றரை இலட்சத்துக்கு மேல் வரை கெமராக்கள் உண்டு. எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

"மௌலவி, மகன் கெமரா ஒன்று கேட்டு நிற்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். "என்ன வேலைக்குக் கேட்கிறார்?" என்றேன். அவருக்குத் தெரியவில்லை. மகனைக் கேட்டோம். அவருக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. "எல்லாத்துக்கும்தான்" என்றார்.

எல்லாவற்றுக்குமான கெமரா என்று ஒன்று இல்லை. எக்ஷன் கெமராவின் வில்லை மிக அகலமாகப் பார்க்கும். பக்கத்தில் உள்ளது பெரிதாகவும் சற்றுத் தள்ளியுள்ளது மிகச் சிறிதாகவும் தெரியும். பாடசாலை மேடையில் பேசும் பிள்ளையைப் பின்வரிசையிலிருந்து எடுத்தால் முகமே தெரியாது. ஒளியை வாங்கும் பரப்பும் சிறியதாகையால் இரவிலும் மங்கலான அறையிலும் படம் புள்ளி புள்ளியாக வரும். கலியாண வீட்டுக்கும் பெருநாள் இரவுக்கும் நல்ல கைத்தொலைபேசியே மேலானது.

அப்படியானால் இது எதற்கு? தண்ணீர், தூசி, குலுக்கல், கை ஓய்வில்லாத வேலை. இந்த நான்கில் ஒன்றாவது இருந்தால்தான் இந்தக் கெமராவுக்கு வேலை இருக்கிறது. நமது முல்லைத்தீவில் இந்த நான்கும் தாராளமாகவே உண்டு. நந்திக்கடலிலும் நாயாற்றிலும் கொக்கிளாய்க் களப்பிலும் தோணியில் போகிறவர்கள் இருக்கிறார்கள். முத்தையன்கட்டுக் குளத்துக்கும் வவுனிக்குளத்துக்கும் சுற்றுலா போகிறவர்கள் இருக்கிறார்கள். சோளகக் காற்றில் கிரவல் வீதியில் புழுதி குடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகாதவர்தான் யார்? ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் குளத்துக்குப் போகிற குடும்பத்துக்கு, கைத்தொலைபேசியும் அதைப் போட்டுக் கட்டும் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையும் போதும். வாங்காமல் விடுவதும் ஒரு நல்ல முடிவுதான். வீண்விரயம் என்பது விலை கூடிய பொருளை வாங்குவது மட்டுமல்லவே! பயன்படாத பொருளை மலிவாக வாங்குவதும் வீண்விரயமே.

'4கே' என்ற பெரிய எழுத்து

கடைக்குப் போனால் பெட்டியின் மேல் முதலில் கண்ணில் படுவது '4கே' என்ற எழுத்து. இது படத்தில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதைக் குறிக்கும் சொல். 'ஃபுல் எச்டி' படத்தில் குறுக்காக 1920, நெடுக்காக 1080, ஆக ஏறக்குறைய 20 இலட்சம் புள்ளிகள் உண்டு. 4கே படத்தில் குறுக்காக 3840, நெடுக்காக 2160. அதாவது ஏறக்குறைய 83 இலட்சம் புள்ளிகள். சரியாக நான்கு மடங்கு.

விலை மிகக் குறைந்த பல கெமராக்கள் உண்மையில் இவ்வளவு புள்ளிகளைப் பிடிப்பதில்லை. குறைவாகப் பிடித்துவிட்டு, இடைவெளிகளைத் தாமே கணக்குப் போட்டு நிரப்பி, 4கே என்று பெயர் சூட்டுகின்றன. ஒரு கோப்பை ஆணத்தில் மூன்று கோப்பை தண்ணீர் ஊற்றி "இதோ நான்கு கோப்பை ஆணம்" என்று பரிமாறினால் எப்படியிருக்கும்? அளவு கூடியிருக்கும், ருசி கூடியிருக்காது. பெட்டியின் பின்புறத்திலோ உள்ளேயிருக்கும் தாளிலோ 'இன்டர்போலேட்டட்' என்ற சொல் சிறிய எழுத்தில் இருந்தால் இந்தத் தண்ணீர் ஊற்றிய ஆணம்தான் என்று புரிந்துகொள்ளுங்கள்.

குறைந்த விலையில் வாங்குபவருக்கு உண்மையான ஃபுல் எச்டி, போலியான 4கேயை விட எவ்வளவோ மேல். அதிலும் விநாடிக்கு 60 படங்கள் எடுக்கக் கூடியதாக இருந்தால், ஓடும் பிள்ளையும் பறக்கும் கொக்கும் இழுபடாமல் தெளிவாக வரும்.

படம் ஆடுகிறதா?

என்னைக் கேட்டால், புள்ளிக் கணக்கை விட முக்கியமானது இதுதான். பரந்தன் வீதியிலும் மாங்குளம் வீதியிலும் போகும்போது தெரியாத குலுக்கல், கிராமத்துக் கிரவல் வீதிக்குத் திரும்பியவுடன் தெரிந்துவிடும். ஆட்டத்தைத் தணிக்கும் வசதி இல்லாத கெமராவில் எடுத்த படத்தைப் பார்த்தால் தலை சுற்றும், ஒருமுறைக்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இந்த வசதியைக் கெமராக்கள் இப்படிச் செய்கின்றன: படத்தின் ஓரங்களைச் சற்று வெட்டிவிட்டு, நடுப்பகுதியை அசையாமல் பிடித்து வைக்கின்றன. அதனால் படம் கொஞ்சம் ஒடுங்கும். சில மலிவுக் கெமராக்களில் ஃபுல் எச்டியில் மட்டுமே இது வேலை செய்யும், 4கேயில் வேலை செய்யாது. கடைக்காரரிடம் "இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்த அளவில் இருக்கிறது?" என்று கேளுங்கள்.

சோதிப்பது மிக எளிது. கடையிலேயே கெமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வாசல் வரை வேகமாக நடந்து திரும்பி வாருங்கள். எடுத்ததைக் கெமராவின் சின்னத் திரையில் பார்க்காமல், உங்கள் கைத்தொலைபேசியிலோ கடையின் கணினியிலோ பாருங்கள். சின்னத் திரையில் எல்லாம் அழகாகவே தெரியும்.

தண்ணீர் புகாது என்கிறார்களே!

இங்கே இரண்டு வகை உண்டு. ஒன்று, கெமராவின் உடலே தண்ணீருக்குத் தாங்குவது. 2023இல் வந்த டிஜேஐ ஒஸ்மோ எக்ஷன் 4, உறை இல்லாமலே 18 மீற்றர் ஆழம் வரை தாங்கும் என்கிறார்கள். கோப்ரோவின் பெரிய மாதிரிகளுக்கு 10 மீற்றர். மற்றது, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் மட்டும் தாங்குவது. எஸ்ஜேகேம் எஸ்ஜே4000, அக்காசோ ஈகே7000 போன்ற மலிவுக் கெமராக்கள் இந்த இரண்டாம் வகை. '30 மீற்றர்' என்று பெட்டியில் போட்டிருப்பது உறைக்குத்தான். உறையைக் கழற்றிவிட்டால் ஒரு மழைத் தூறலும் ஆபத்து. இன்னொன்றும் உண்டு. உறைக்குள் இருக்கும்போது குரல் அடைபட்டே கேட்கும்.

ஆழக் கணக்கைப் பார்த்து நாம் மயங்கத் தேவையில்லை. நமது களப்புகளில் நீர் கலங்கலானது, ஒரு முழம் தள்ளி எதுவும் தெரியாது. நமக்கு வேண்டியது தோணியில் தெறிக்கும் தண்ணீரைத் தாங்குவது. அதற்கு எந்த நல்ல உறையும் போதும். கவனிக்க வேண்டியது உப்பைத்தான். கடலிலோ களப்பிலோ நனைந்த கெமராவை, மூடி மூடியபடியே, நல்ல தண்ணீரில் சற்று நேரம் அமிழ்த்தி வைத்துத் துடைத்து நிழலில் காயவிட வேண்டும். மூடியைச் சுற்றியுள்ள இறப்பர் வளையத்தில் ஒரு மயிரோ மணலோ சிக்கினாலும் தண்ணீர் உள்ளே போகும். ஒவ்வொரு முறையும் அதை விரலால் தடவிப் பாருங்கள். இந்தக் கெமராக்கள் தண்ணீரில் மிதக்காது என்பதையும் மறக்க வேண்டாம். கையோடு ஒரு கயிறு, அல்லது மிதக்கும் கைபிடி அவசியம்.

கெமராவோடு முடியாத செலவு

பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கெமராவின் விலையைக் கேட்டுப் பணத்தைச் சேர்ப்பார்கள். வாங்கிய பிறகுதான் கார்ட் இல்லை, பற்றரி போதவில்லை, பொருத்தும் பட்டி இல்லை என்று தெரியும்.

மெமரி கார்ட்: கார்டின் மேல் 'வி30' அல்லது 'யு3' என்ற குறி இருக்க வேண்டும். விநாடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் வேகம் அதற்கு உண்டு என்பது பொருள். வேகம் குறைந்த கார்டில் படம் இடையில் நின்றுவிடும். கெமரா விநாடிக்கு 60 மெகாபிட் வேகத்தில் பதிந்தால், 64 ஜிபி கார்டில் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம் பிடிக்கும். சந்தையில் போலிக் கார்டுகள் மலிந்து கிடக்கின்றன. வெளியே 128 என்று எழுதியிருக்கும், உள்ளே அதில் சிறு பங்குதான் இருக்கும். வாங்கிய வாரத்திலேயே கார்ட் நிறையும் வரை எதையாவது பதிந்து, கடைசியாகப் பதிந்ததை ஓடவிட்டுப் பாருங்கள். ஓடாவிட்டால் உடனே திருப்பிக் கொடுங்கள்.

பற்றரி: சிறிய உடலில் சிறிய பற்றரிதான் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு அண்மையாகத்தான் பல கெமராக்கள் ஓடும். ஆகவே இரண்டாவது பற்றரி வேண்டும். அது நமது நாட்டில் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொண்டே கெமராவை வாங்குங்கள். பற்றரி வீங்கியிருந்தால் அதைச் சார்ஜ் போடவே கூடாது, வீட்டில் தீ வைத்துவிடும். நடுவெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளில் கெமராவை விட்டுப் போவதும் கூடாது.

கையில் 100 ரூபா இருந்தால் 70 ரூபாவுக்குக் கெமராவைப் பாருங்கள். மீதி 30 கார்டுக்கும் பற்றரிக்கும் பட்டிக்கும் என்று கணக்கு வையுங்கள். இந்தக் கணக்குக்குள் அடங்காத கெமரா நம் சக்திக்கு மீறியது.

பெயரா, விலையா?

கோப்ரோ நிறுவனம் 2024இல் 'ஹீரோ' என்ற சிறிய மாதிரியை 199 டொலருக்கு வெளியிட்டது. டொலர் 300 ரூபா என்று வைத்தால்கூட வரி இல்லாமலே ஏறக்குறைய 60,000 ரூபா. உண்மையான 4கே, நல்ல வேலைப்பாடு. ஆனால் பற்றரியைக் கழற்றி மாற்ற முடியாது. வெளிவந்தபோது ஆட்டத்தைக் கெமராவுக்குள்ளேயே தணிக்கும் வசதியும் இருக்கவில்லை, பின்னர் கைத்தொலைபேசிச் செயலியில் போட்டே சரிசெய்ய வேண்டியிருந்தது. பெரிய பெயர் என்பதற்காக எல்லாம் இருக்கும் என்று எண்ணக்கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியை நாம் மறக்கவில்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதிப் பொருள்கள் எட்டாத உயரத்துக்குப் போயின. இப்படிப்பட்ட நாட்டில் பழுதானால் திருத்த முடியாத பொருளை வாங்குவது புத்தியல்ல. ஆகவே இப்படி ஒரு வழி சொல்வேன்: புது மாதிரி வந்தவுடன், பெயர் பெற்ற நிறுவனத்தின் ஓரிரு வருடம் முந்திய மாதிரியின் விலை இறங்கும். உத்தரவாதத்தோடு அது கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. அதற்கும் வசதி இல்லையென்றால், தண்ணீர் உறையும் இரண்டு பற்றரியும் பெட்டியிலேயே வரும் அக்காசோ, எஸ்ஜேகேம் வகைகளைப் பார்க்கலாம். பெயரே கேள்விப்படாத, சில ஆயிரம் ரூபாக் கெமராக்களை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம். எதை வாங்கினாலும் கடையின் முத்திரையோடு உத்தரவாத அட்டையும் பற்றுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்கு ஒருமுறை போய்வரும் செலவையும் நாளையும் நினைத்துப் பாருங்கள். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ திருத்தித் தரும் கடையில் சில நூறு ரூபா கூடக் கொடுத்து வாங்குவது இலாபம்தான்.

பாவனையில் பேண வேண்டியவை

கெமரா வந்ததும் பிள்ளைக்குத் துணிச்சலும் கூடவே வந்துவிடுகிறது. படத்துக்காக வேகமாக ஓடுவது, குளத்து அணைக்கட்டிலிருந்து குதிப்பது, வாடைக் காலத்தில் கொந்தளிக்கும் கடலில் இறங்குவது. வாங்கிக் கொடுக்கும் நாளிலேயே இவற்றுக்கு எல்லை போட்டுவிடுங்கள். நமது மாவட்டத்தில் இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2009இல் போர் முடிந்தாலும் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றாக முடியவில்லை. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால், எவ்வளவு அழகான காட்சி இருந்தாலும், ஒரு காலடியும் வைக்கக் கூடாது. முகாம்களையும் படம் பிடிக்கத் தடை போட்ட இடங்களையும் எடுப்பதும் வீண் வம்பு.

அடுத்தது மானம் பேணுதல். இந்தக் கெமராவின் பார்வை மிக அகலமானது என்றேன். பிள்ளை வீதியைத்தான் எடுக்கிறான், ஆனால் பக்கத்து வளவில் கிணற்றடியில் நிற்கும் பெண்ணும் சேர்ந்தே பதிவாகிறாள். குளக்கட்டில் குளிப்பவர்களும் அப்படியே. அயலவரின் முற்றம் அவர்களுடைய மறைவிடம். அனுமதியின்றி அதைப் பதிவதும் பிறருக்குக் காட்டுவதும் மார்க்கத்திலும் தவறு, மனிதப் பண்பிலும் தவறு. மலிவுக் கெமராக்கள் பலவற்றில் வைஃபை இரகசிய எண் 12345678 என்று எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருக்கும். வாங்கிய அன்றே மாற்றுங்கள். திருத்தக் கொடுக்கும்போதோ விற்கும்போதோ கார்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அழித்த படத்தையும் கார்டிலிருந்து மீட்க முடியும்.

வாங்கினால் இதற்கும் பயன்படுத்துங்கள்

முல்லைத்தீவில் எத்தனை வீட்டில் பழைய அல்பம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, நீராவிப்பிட்டியிலும் ஹிஜ்ராபுரத்திலும் வாழ்ந்தவர்கள் கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். புத்தளத்திலும் பிற ஊர்களிலும் அகதி வாழ்வு இருபது வருடம் நீண்டது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து கரையோரத்து வீடுகளைக் கொண்டு போனது. 2009இல் நமது தமிழ்ச் சகோதரர்கள் பட்ட துயரத்தில் உயிர்களோடு அவர்களின் படங்களும் போயின. இந்த மண்ணில் எல்லாச் சமூகத்துக்கும் பொதுவான இழப்பு இது.

திரும்பி வந்த குடும்பங்களில் பழைய ஊரை அறிந்தவர்கள் இப்போது வயோதிபர்கள். எந்த மரத்தடியில் கிணறு இருந்தது, எந்த வரம்பு யாருடையது, பழைய பள்ளிவாசலின் சுவர் எது வரை நீண்டது, மையவாடியில் யார் எங்கே அடங்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் நெஞ்சில்தான் இருக்கின்றன. பேரப்பிள்ளை கெமராவை நெஞ்சில் கட்டிக்கொண்டு மூத்தாப்பாவின் பின்னால் ஒரு காலை நேரம் நடக்கட்டும். அவர் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே போவார். கெமராவை நீட்டிப் பிடித்தால் வயதானவர்கள் கூச்சப்பட்டு மௌனமாகிவிடுவார்கள். நெஞ்சில் கட்டிய சின்னப் பெட்டியைச் சில நிமிடங்களில் மறந்துவிடுவார்கள். இந்தக் கெமராவுக்குக் கைத்தொலைபேசியை விட மேலான பயன் இதில் உண்டு.

காற்று அடித்தால் பேச்சு கேட்காது என்பதைக் கவனியுங்கள். காற்று குறைந்த காலைப் பொழுதில் அருகிலேயே நடக்க வேண்டும். பெரியவரின் சட்டைப் பையில் ஒரு கைத்தொலைபேசியைக் குரல் பதியவிட்டு வைத்தால் இன்னும் நல்லது. முடிந்ததும் நாள், இடம், பேசியவர் பெயர் மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள். பதிவை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். கார்ட் நிலையான பெட்டகம் அல்ல, ஒரு நாள் திடீரென்று திறக்காமல் போய்விடும்.

உம்மம்மாமாரை மறந்துவிட வேண்டாம். இடம்பெயர்ந்த பயணத்தில் பிள்ளைகளைச் சுமந்தவர்களும் முகாமில் அடுப்பு மூட்டியவர்களும் அவர்கள்தான். முகம் காட்ட விரும்பாவிட்டால், கிணற்றையும் வாசற்படியையும் எடுத்துக்கொண்டு குரலை மட்டும் பதியலாம். அதற்கு வீட்டுப் பெண்பிள்ளைகளே பொருத்தமானவர்கள். ஆகவே கெமராவை இயக்க அவர்களும் கற்றுக்கொள்ளட்டும்.

சகோதரிகளே! மகன் இனிக் கெமரா கேட்டால், "எனக்குத் தெரியாது" என்று ஒதுங்காதீர்கள். எந்த வேலைக்கு, உண்மையான அளவு என்ன, ஆட்டம் தணிகிறதா, தண்ணீர் தாங்குவது உடலா உறையா, கார்டும் பற்றரியும் சேர்த்து எவ்வளவு, பழுதானால் எங்கே திருத்துவது என்ற ஆறு கேள்விகளையும் கேளுங்கள். ஆறுக்கும் பதில் சொல்லும் பிள்ளைக்கு, வசதியிருந்தால், வாங்கிக் கொடுங்கள். மூத்தாப்பாவோடு நடக்கப் போகும் காலையையும் அன்றே குறித்துவிடுங்கள். கெமராவை அடுத்த வருடமும் வாங்கலாம். வயோதிபரின் வார்த்தைக்கு அப்படித் தவணை சொல்ல நம்மால் முடியாது.